நாலாவது மாடியின் பச்சை விளக்கு

காலை ஒன்பது நாற்பதுக்குப் போன் அடித்தபோது, இருபத்துநாலு என்று எல்லோரும் கூப்பிடும் அவன் ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டிருந்தான். பல்லுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவர். இரண்டு கையிலும் கேமரா ஒயர். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு "ம்ம்" என்றான்.

"அண்ணே, நான் எங்கேருந்து பேசறேன் சொல்லு பாக்கலாம்!"

தங்கை. கட்டினவனோடு ஒத்துவராமல் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அன்று முதல் ஹால் சோபாதான் அவளுக்குக் கட்டில். அவள் குரலில் இப்படி ஒரு துள்ளலை அவன் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"வாயில என்னத்த வச்சிருக்கே? சரி, நானே சொல்லிடறேன். வேலை கெடச்சிருச்சு! தையல் கம்பெனி. வெறும் மிஷின் வேலைன்னு நெனச்சுக்காதே, சூப்பர்வைசர். நாப்பத்திரெண்டு பொம்பளைங்க என் கைக்குக் கீழ. நேத்தே சேந்துட்டேன். ஒரு நாளாவது தாக்குப்பிடிக்கிறேனான்னு பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

"ம்ம்ம்."

"இந்த மாசம் முடிஞ்சதும் ஒரு ரூம் பாத்துக் கெளம்பிருவேன். அண்ணி இனிமே சோபால கால நீட்டி டிவி பாக்கலாம். எந்த பில்டிங் தெரியுமா? பஸ் நிலையத்துக்குப் பின்னாடி, கண்ணாடி போட்ட ஆறு மாடி. தீ மணி மாட்டிவிட்டேன்னு நீ கூட பீத்திக்கிட்டியே, அதேதான். நாலாவது மாடி."

ஸ்க்ரூ டிரைவர் வாயிலிருந்து விழுந்தது. தரையில் இரண்டு குதி குதித்து எங்கேயோ உருண்டு போனது.

"அண்ணே? இருக்கியா?"

"இருக்கேன். நாலாவதா? சரியாப் பாத்தியா?"

"எண்ணத் தெரியாதவகிட்டயா நாப்பத்திரெண்டு பேரைக் குடுப்பாங்க?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அவன் ஏணியை விட்டு இறங்கவில்லை.  

தொழிலில் அவன் சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லைட், ஃபேன், மோட்டார் எல்லாம் பெரிய கரண்ட். அது அவன் சமாச்சாரமே இல்லை. தீ மணி, புகையை மோப்பம் பிடிக்கும் டிடெக்டர், கார்டு காட்டினால் திறக்கும் கதவு, வாசல் போன், கேமரா என்று ஒரு கட்டடத்தின் கண், காது, மூக்கு எல்லாம் ஓடுவது சின்னக் கரண்டில். அதுதான் அவன் பிழைப்பு. ஒயரைப் பார்த்துப் பயப்படும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், "சும்மா தொடுங்க சார், இருபத்துநாலு வோல்ட்தான், எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று சொல்லிச் சொல்லி, அந்த எண்ணே ஆளோடு ஒட்டிக்கொண்டது.

ஒட்டவைத்தவர் அவன் மச்சான், மனைவியின் அண்ணன். பெரிய கரண்ட் ஆள். "எங்க வேலையில தப்புப் பண்ணா ஆள் போயிடுவான் மாப்ளே. உன் வேலையில தப்புப் பண்ணா என்ன ஆகும்? ஒரு கதவு தெறக்காது. அவ்ளோதான்" என்று கல்யாண வீட்டில்கூட நாலு பேர் நடுவே சொல்லிச் சிரிப்பார்.

கதவு திறக்காது. அவ்வளவுதான்.

ஏணியின் ஏழாவது படியில் நின்றபடி இருபத்துநாலு அந்த வார்த்தையை மென்றுகொண்டிருந்தான்.

இதில் இன்னொரு கூத்து. அதே கட்டடத்தில் அன்று மதியம் மூன்று மணிக்குத் தீ பாதுகாப்பு ஆய்வு. வருடாவருடம் வருவதுதான். பத்தொன்பது நாளாக ஒரு நாள் லீவு இல்லாமல் ஏணி ஏறி இறங்கியவன், இரண்டே முக்காலுக்குப் போய்ப் பேனல் பக்கத்தில் சிரித்த முகத்தோடு நின்று, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நேரே வீட்டுக்குப் போய்த் தலையணையில் விழ வேண்டும் என்றுதான் காலையில் கிளம்பினான். மனிதன் ஒன்று நினைக்க, நாலாவது மாடி ஒன்று நினைத்தது.

* * *

நடந்தது இதுதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தை ஒப்படைக்கும் நாள். கீழ்த்தளத்தில் சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி, அதுதான் பேனல். ஆறு மாடிக்கு ஆறு விளக்கு. ஐந்து பச்சை. நாலாவது மட்டும் மஞ்சள். கூடவே பஸ்ஸர் வேறு, பல்வலிக்காரன் மாதிரி விட்டு விட்டு முனகிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மாடிக்கும் பேனலிலிருந்து ஒரு ஜோடி ஒயர் கிளம்பும். டிடெக்டர் டிடெக்டராகத் தொட்டுக்கொண்டே போகும். கடைசி டிடெக்டரில் அரிசி பருமனுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். பேனல் ஓயாமல் ஒரு துளி கரண்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் துளி கடைசி வரை நடந்து, ரெசிஸ்டரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தால் பச்சை. வழியில் எங்கே ஒயர் அறுந்தாலும் துளி திரும்பாது. மஞ்சள்.

அன்றைக்குத் துளி திரும்பவில்லை. எங்கே அறுந்தது என்று தேட நேரமும் இல்லை. வாசலில் கட்டட முதலாளி ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோடு நின்றார்.

"மாப்ளே, அந்தக் கடைசி ரெசிஸ்டரை எடுத்து இங்கயே பேனல்ல சொருகு. நாலாவது மாடி காலியாத்தானே கெடக்கு? அடுத்த வாரம் வந்து நிதானமாத் தேடிக்கலாம்" என்றார் மச்சான்.

சொருகினான். மாடிக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி டேப் சுற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, அவை இருந்த இடத்தில் ரெசிஸ்டரை மாட்டினான். துளி வாசற்படி தாண்டாமலே திரும்பி, "போய்ட்டு வந்துட்டேன்" என்றது. பேனல் நம்பியது. ஆறு பச்சை. கைதட்டினார்கள்.

அந்த அடுத்த வாரம் நான்கு வருடமாக வரவில்லை. முதல் மாதம் தினமும் உறுத்தியது. இரண்டாம் மாதம் வாரம் ஒருமுறை. அப்புறம் வேறு கட்டடம், வேறு ஏணி. வருடாவருடம் ஆய்வுக்கு வந்து நின்றபோதுகூட, அந்த நாலாவது பச்சையை அவனே மற்ற ஐந்தைப் போலத்தான் பார்த்தான். சொன்ன பொய் பழகிப்போனால் சொன்னவனுக்கே அது உண்மை மாதிரித்தான் தெரிகிறது.

இப்போது அங்கே நாற்பத்திரண்டு பெண்கள். மலை மலையாகத் துணி. நாற்பத்து மூன்றாவதாக அவன் தங்கை.

* * *

பன்னிரண்டரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தான். பேனலைத் திறந்தான். நினைவு தப்பாக இருக்கக்கூடாதா என்று ஒரு நப்பாசை.

மஞ்சள், ஊதா, சிவப்பு வளையம் போட்ட ரெசிஸ்டர், அவன் சொருகிய இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். படி ஏறினான். மூன்றாவது மாடி வரைக்கும் கூரையில் டிடெக்டர்கள் சில நொடிக்கொரு தரம் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. நாலாவது மாடிக் கதவு பூட்டியிருந்தது. காந்தப் பூட்டு. கதவின் தலைமாட்டில் ஒரு காந்தம், கரண்ட் ஓடும்வரை யானை இழுத்தாலும் விடாது. தீ மணி அடித்தால் பேனல் அந்தக் கரண்டை வெட்டிவிடும், கதவு தானாக விடுபடும். மணி அடித்தால்.

தட்டினான். தங்கை கார்டைக் காட்டித் திறந்தாள். கழுத்தில் டேப், காதில் பென்சில்.

"வந்துட்டியா! என்னைப் பாக்கவா, மெஷினைப் பாக்கவா?"

"சும்மா... வேலை இருந்துச்சு."

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே? பத்து நாள் தூங்காத ஆந்தை மாதிரி இருக்கே. வா, வந்து என் ராஜ்ஜியத்தைப் பாரு."

மூன்று வரிசை மெஷின். கடகடவென்று சத்தம். ஓரத்தில் நீராவி இஸ்திரிப் பெட்டிகள் நாலு. ஜன்னலை மறைத்து ஆள் உயரத்துக்குத் துணி மூட்டை. தங்கை வரிசையில் நடந்தபோது ஒரு பெண் தலை நிமிராமலே, "அக்கா, இவர்தான் உங்க கரண்ட்டு அண்ணனா? தொட்டா ஷாக் அடிப்பாரா?" என்றாள்.

"அடிக்க மாட்டாரு. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது," என்றாள் தங்கை. வரிசையே சிரித்தது.

அவன் சிரிக்க முயன்றான். கண் கூரைக்குப் போனது. எண்ணினான். பதினொரு டிடெக்டர். ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை.

கதவோரம் பார்த்தான். அவசரத்துக்கு உடைத்துத் திறக்க ஒரு பச்சைப் பெட்டி அங்கே இருக்க வேண்டும். அவன் கையால் மாட்டியது. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மூடி இருந்தது.

"இங்க பச்சையா ஒண்ணு இருக்குமே?"

"மேனேஜர் கழட்டச் சொல்லிட்டாராம். இதுங்க சும்மா சும்மா உடைச்சுட்டு வராண்டால போய் நின்னு போன் பேசுதுங்களாம்."

 மச்சானுக்குப் போன் போட்டான்.

* * *

ஒரு மணிக்குப் பெண்கள் சாப்பிடக் கீழே போனார்கள். மச்சானும் அவனும் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்கின் இரண்டு பலகையைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தார்கள். இருட்டு, தூசி, எலிப் புழுக்கை. டார்ச் வெளிச்சத்தில் இரண்டு தலைகள் மட்டும்.

ஒயரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மச்சான் நேராக அந்த மூலைக்குத்தான் டார்ச்சை அடித்தார். அங்கே மச்சானின் பெரிய கரண்ட் பைப் போகிறது. அதைப் பிடித்திருந்த கிளாம்பின் ஸ்க்ரூ, பக்கத்தில் போன சின்ன ஒயரைக் குத்திக் கிழித்துக்கொண்டு இறங்கியிருந்தது.

இருபத்துநாலு அந்த ஸ்க்ரூவைப் பார்த்தான். பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்தான். அதில் ஆச்சரியம் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

மச்சான் மூக்கிலிருந்த தூசியைத் துடைத்தார்.

"கேக்கறேன்ல. அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்னா... தெரியும். பைப்பைக் கழட்டினா ரெண்டு நாள் வேலை மாப்ளே. முதலாளி கத்தரிக்கோலோட நிக்கறான். என்ன பண்ணச் சொல்றே?"

கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குத் தெம்பு வேண்டுமே. கூரைக்குள் தலையை வைத்துக்கொண்டு, உதட்டில் சிமெண்ட் தூசியோடு, அவன் ஒரு பெருமூச்சு மட்டும் விட்டான். தூசி கிளம்பி இருவரும் தும்மினார்கள்.

சேதம் அந்த ஸ்க்ரூவோடு போகவில்லை. தையல் கம்பெனிக்காகத் தடுப்பு கட்டியவர்கள், வழியில் தொங்கிய ஒயரை வேண்டாத சனியன் என்று நினைத்து வெட்டி எறிந்திருந்தார்கள். முப்பது மீட்டருக்கு ஒயரே இல்லை. மூன்று மணிக்குள் ஒட்டுப்போடும் காரியம் அது இல்லை.

கீழே இறங்கியதும் மச்சான் அவன் தோளில் கை போட்டார்.

"இதப் பாரு. அந்த ஆய்வாளரம்மா இருக்காங்களே, அவங்களுக்கு முழங்கால் வலி. வருஷத்துக்கு ஒரே ஒரு மாடிதான் சோதிப்பாங்க. எது? ரெண்டு. போன வருஷமும் ரெண்டு, அதுக்கு முந்தின வருஷமும் ரெண்டு. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நாளையிலேர்ந்து நான் பைப்பைக் கழட்டறேன், நீ ஒயரை இழு. ஒரு வாரத்துல சத்தமில்லாம முடிஞ்சுரும்."

"அந்த ஒரு வாரம்?"

"நாலு வருஷம் ஒண்ணும் ஆகலை. ஒரு வாரத்துல ஆயிடுமா? வாயைத் தொறந்தா உன் லைசென்ஸ் போச்சு, என் லைசென்ஸும் போச்சு. இந்த மாடிக்குச் சீல் வைப்பாங்க. உன் தங்கச்சி மறுபடி உன் வீட்டு சோபாவுக்கே வந்துருவா. யோசிச்சுக்கோ."

யோசித்தான். மச்சான் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை. "சரி," என்றான்.

ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் செய்துவிட்டால் போதும் என்று தோன்றியது. மேனேஜரிடம் போனான். மெலிந்த மனிதர், மேஜைமேல் மூன்று போன்.

"சார், ஒரு வாரத்துக்கு நாலாவது மாடிக் கதவுப் பூட்டை அணைச்சு வைக்கலாமா? கொஞ்சம் சர்வீஸ் பண்ணணும்."

"அணைக்கறதா? நல்லாருக்கே! பூட்டு இருக்கும்போதே ஆளுக்கு அரை மணி காணாமப் போறாங்க. தெறந்து விட்டா மிஷினுக்கு நான்தான் உக்காரணும்."

"பச்சைப் பெட்டியாவது திரும்ப மாட்டிக்கறேன்."

"ஆய்வுக்கு ஒரு மணி நேரம் வேணா மாட்டு. முடிஞ்சதும் கழட்டிடு." ஒரு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "தீ எங்கப்பா பிடிக்கப் போவுது? அதான் நீ மணி மாட்டிவச்சிருக்கியே."

நம்பித்தான் சொன்னார். அவன் மாட்டிய மணியை நம்பித்தான் அவர் அந்தப் பெட்டியையே கழற்றியிருக்கிறார்.

* * *

மூன்று அடித்து ஐந்து நிமிடத்துக்கு ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். தோளில் கனமான பை, கையில் ஒரு குடை. நாற்காலியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உட்கார்ந்து, இடது முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார்.

"இன்னைக்கு இது ஆறாவது பில்டிங். எல்லாம் சரியா இருக்கா?"

"பேனலைப் பாருங்க மேடம். ஆறும் பச்சை!" என்றார் மச்சான், யாரும் கேட்காமலே. மேனேஜர் தலையாட்டினார்.

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு விளக்கையும் பார்த்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்தார். புகை அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவை எடுத்தார். ஒரு கொட்டாவி விட்டார். பிறகு இருபத்துநாலைப் பார்த்தார்.

"போன வருஷம் எந்த மாடி பாத்தேன்? ஞாபகமே இல்லை. நீதானேப்பா மாட்டினவன்? நீயே ஒரு மாடி சொல்லு. அதைச் சோதிச்சுட்டு முடிச்சுக்கலாம்."

அவ்வளவு எளிதாகக் கேட்டார்.

மச்சான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு விரலைக் காட்டினார். மாப்பிள்ளைக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

இருபத்துநாலு வாயைத் திறந்தான். இரண்டு என்றுதான் சொல்ல வந்தான். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. மேலே மெஷின் ஓடும் சத்தம் படிக்கட்டு வழியே மெல்லிசாக இறங்கி வந்துகொண்டிருந்தது. இரண்டு என்று சொன்னால் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். மணி அடிக்கும். சிரிக்க வேண்டும். நாளை முதல் திருட்டுத்தனமாக வந்து ஒயர் இழுக்க வேண்டும். மேனேஜரிடம் ஒரு கதை, தங்கையிடம் ஒரு கதை. யாரிடம் எதைச் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் அந்த மெஷின் சத்தம் கேட்க வேண்டும். இத்தனையையும் தூக்கிச் சுமக்க உடம்பில் எதுவும் மிச்சம் இல்லை என்று அவனுக்குப் பட்டது.

"நாலு மேடம்," என்றான்.

மச்சானின் இரண்டு விரலும் அப்படியே நின்றன.

"நாலா?" ஆய்வாளர் படிக்கட்டைப் பார்த்தார். "லிஃப்ட் இருக்கா?"

"சர்வீஸ்ல இருக்கு மேடம்," என்றார் மேனேஜர்.

கொலைகாரனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துவிட்டு, ஆய்வாளர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். முழங்கால் கடக் என்றது. முகம் சுருங்கியது.

"ஏற வேணாம் மேடம். உக்காருங்க. இங்கயே காட்டறேன்."

பேனலைத் திறந்தான். ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ரெசிஸ்டரை உருவினான்.

நாலாவது பச்சை அணைந்தது. மஞ்சள் எரிந்தது. நான்கு வருடமாக அமுங்கிக் கிடந்த பஸ்ஸர், விட்ட இடத்திலிருந்து முனகத் தொடங்கியது.

அவன் அந்த அரிசி பருமன் சாமானை ஆய்வாளரின் உள்ளங்கையில் வைத்தான்.

"நாலாவது மாடி இதுதான் மேடம். மேல ஒயரே கெடையாது. நான்தான் பண்ணேன்."

அவர் அதைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூக்கக் கலக்கம் போன இடம் தெரியவில்லை.

"மேல எத்தனை பேர் இருக்காங்க?"

"நாப்பத்து மூணு."

"கதவு?"

"காந்தப் பூட்டு. பச்சைப் பெட்டி இல்ல, கழட்டிட்டாங்க."

மேனேஜர் மூன்று போனையும் விட்டுவிட்டு ஏதோ சொல்ல வந்தார். ஆய்வாளர் குடையின் நுனியை அவர் பக்கம் நீட்டினார். "நீங்க அப்புறம் பேசுங்க. முதல்ல அந்தப் பூட்டை அணைக்கச் சொல்லுங்க. எல்லாரையும் கீழ எறக்குங்க."

 முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மச்சான், இலையையே யாரோ இழுத்துவிட்டாற்போல் நின்றார். பிறகு பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெண்கள் படி இறங்கி வந்தார்கள். ஆளுக்கொரு பையோடு, பாதி தைத்த துணியின் நூல் உடம்பில் ஒட்டியிருக்க. கடைசியாகத் தங்கை வந்தாள். எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பத்திரண்டு என்று முடித்துவிட்டு அண்ணன் எதிரில் நின்றாள்.

"நீதான் சொன்னியாமே."

"ஆமா."

"நீதான் பண்ணியாமே."

"ஆமா."

"எப்போ தொறப்பாங்க?"

"தெரியலை. ஒயர் இழுத்து, வேற கம்பெனி வந்து சோதிச்சு... எனக்கு இனிமே கையெழுத்துப் போட அதிகாரம் இல்ல. லைசென்ஸை நிறுத்தி வச்சிட்டாங்க."

கழுத்திலிருந்த டேப்பை உருவி, விரலில் இறுக்கிச் சுருட்டினாள். "ரெண்டு நாள்தான்ணே ஆச்சு. எட்டு மாசம் கழிச்சு ரெண்டே நாள். நேத்து ராத்திரிதான் மொதமொதலா நிம்மதியாத் தூங்கினேன்." டேப்பை இன்னும் இறுக்கினாள். "இதுங்கள்ல பாதிப் பேர் நாளைக்கு வேற எடம் தேடிப் போயிடும். நான் யாருக்கு சூப்பர்வைசர்?"

 அவள் போய்விட்டாள். அன்று இரவு சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் அவன் வந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

* * *

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒயர்க் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறினான். உள்ளே ஏற்கனவே சத்தம். மச்சான் கூரைக்குள் தலையை விட்டுப் பைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவனைப் பார்க்கவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

மூன்று நாள் அப்படியே போனது. ஒருவர் ஏணியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பானரைக் கேட்காமலே கொடுத்தார்கள். பேச்சு மட்டும் இல்லை. இருவருக்கும் நடுவே அந்த ஸ்க்ரூ தொங்கிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் தினமும் மாலையில் போன் செய்து, எதுவரை வந்தது என்று கேட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் ஒரு கேள்வியும் கேட்டார்.

"இது மாதிரி வேற எந்த பில்டிங்லயாவது பண்ணியிருக்கியா?"

அவன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். ஆறு வருடம், முப்பது நாற்பது கட்டடம், எத்தனையோ ஒப்படைக்கும் நாள், எத்தனையோ கத்தரிக்கோல்.

"நிச்சயமாச் சொல்ல முடியலை மேடம். மூணு எடம் சந்தேகமா இருக்கு. போய்ப் பேனலைத் தெறந்து பாத்தாத்தான் தெரியும்." மேலே மச்சானின் ஸ்பானர் சத்தம் நின்றது.

"பாத்துட்டு எனக்குச் சொல்லு. மறைச்சேன்னு தெரிஞ்சா அப்புறம் லைசென்ஸோட நிக்காது."

நாலாவது நாள் காலை பதினோரு மணிக்கு வேறு கம்பெனியிலிருந்து சோதிக்க ஆள் வந்தான். பதினொரு டிடெக்டரும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. ரெசிஸ்டர் பதினோராவதன் வயிற்றில், தனக்குரிய இடத்தில் இருந்தது. கதவோரம் பச்சைப் பெட்டி திரும்ப ஏறியிருந்தது. கதவைச் சாத்தினார்கள். காந்தம் டப்பென்று பிடித்தது.

இன்றைக்குத் திறப்பார்கள் என்று கீழே காத்திருந்த தங்கை படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்றாள். அவளுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பேர் இல்லை. முப்பத்தொரு பேர் இருந்தார்கள். கதவின் கண்ணாடி வழியே அண்ணனைப் பார்த்தாள்.

சோதிக்க வந்தவன் கம்பின் நுனியில் ஸ்ப்ரேயைச் செருகி மேலே நீட்டினான். புஸ் என்று ஒரு வெள்ளை மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்துநாலு மனசுக்குள் எண்ணினான். ஒன்பதில் டிடெக்டரின் கண் சிமிட்டுவதை நிறுத்திச் சிவப்பாக முறைத்தது.

மணி அடித்தது. ஆறு மாடியும் அதிர அடித்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கதவின் தலைமாட்டில் ஒரு சின்ன டக்.

கதவு ஒரு விரற்கடை விலகி நின்றது.

தங்கை ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டாள். திறந்துகொண்டது.

மணியை நிறுத்தியதும், "இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதான்."

"இதுக்கா நாலு நாளா என்னைத் தெருவுல நிக்க வச்சே?" என்று உள்ளே வந்து கூரையைப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே எண்ணினாள். "பதினொண்ணு. சரி, எனக்கு முப்பத்தொண்ணுதான் மிச்சம். மீதிப் பதினொண்ணைத் தேடிப் பிடிக்கணும்." அவன் சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூசியை இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். "போ. போய்த் தூங்கு. சோபா காலியாத்தான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் உனக்கு."

இன்னும் அவள் சிரிக்கவில்லை. ஆனால் நாலு நாளில் அவனோடு பேசியது அதுதான்.

ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படி இறங்கினான். கீழே பேனலில் ஆறு பச்சை. நாலாவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். மற்ற ஐந்தும் அவன் மாட்டியதுதான். பேனலைத் திறந்து, ஒவ்வொரு மாடியாக, ஒயர் உள்ளே போகிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். போயின. மூடினான்.

வாசலில் மச்சான் பைக்கில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் மாட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை. இருபத்துநாலு அவரைக் கடந்து பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தான். கண் எரிந்தது. சோபா கூப்பிட்டது.

பின்னால் பைக் உறுமி, பக்கத்தில் வந்து நின்றது.

"மாப்ளே."

அவன் நின்றான்.

"அந்த மூணு பில்டிங்," என்றார் மச்சான், நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "முதல்ல எது?"

இருபத்துநாலு ஏணியைத் தூக்கித் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"பள்ளிக்கூடம்," என்றான்.